பத்து நாற்பத்திரண்டுக்கு அழிந்த பாட்டுகள்

6

குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று எந்த வாடிக்கையாளராவது சொன்னால், சோபனாவுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிடும்.

சற்குணம் அப்படித்தான் சொன்னார். திங்கட்கிழமை, ஆக்லாந்து சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் அவளுடைய அலுவலகப் படிகளை மூச்சிரைக்க ஏறி வந்து, துவாயில் சுற்றிய, கணினிக்கு வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

“பத்தொன்பதாயிரத்து நானூறு பாட்டு, பிள்ளை. இருவது வருசமா ரேப் கசெற்றிலையிருந்து ஒவ்வொண்டாய் ஏத்தினது. திருவிழா நாதஸ்வரம், மேடை நாடகப் பாட்டு, ஒரு கடையிலையும் இல்லாததுகள். திரும்ப எடுத்துத் தந்தால் போதும். ஆர் அழிச்சது, ஏன் அழிச்சது எண்ட ஆராய்ச்சி ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

வருகிற சனிக்கிழமை பின்னேரம் தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு எழுபதாம் வயதுப் பாராட்டு. ஞாயிறுதோறும் சமூக வானொலியில் ஒரு மணி நேரம் பாட்டுப் போடுகிறவர். பாராட்டே அந்தச் சேகரிப்புக்குத்தான். சேகரிப்பே இல்லையென்றால் பொன்னாடையை எதற்காகப் போர்த்துவது?

அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் கம்சாயினி கதவைச் சாத்தினாள். “என்ன பெருந்தன்மை! அப்பாவின்ர ஒரே ஒரு ரேப்பைத் துலைச்சதுக்கு எனக்கு ரெண்டு நாள் வீட்டிலை சோறு கிடைக்கேல்லை. இந்த மனிசனுக்குக் கோயில் கட்டலாம்.”

“பெருந்தன்மை இல்ல கம்சி. அழிச்சது வீட்டு ஆளுன்னு அர்த்தம்.”

கம்சாயினி யாழ்ப்பாணத்தில் பிறந்து பன்னிரண்டு வயதில் ஆக்லாந்து வந்தவள். சோபனாவைவிட இரண்டு வயது மூத்தவள், சம்பளத்தில் இளையவள். முதலாளியை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவாள். அது மரியாதையா கிண்டலா என்று சிவகாசிக்காரியான சோபனாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வாசல் பலகையில் ‘கணினி பழுது பார்த்தல், அழிந்த தகவல் மீட்டல்’ என்று மட்டும்தான் முதலில் இருந்தது. ‘துப்பறிதல்’ என்ற மூன்றாவது வரியைக் கம்சாயினி ஒரு நாள் பெயின்ட்டும் தூரிகையுமாக நின்று சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு முதல் இரண்டு வரிக்கு வந்த கூட்டத்தைவிட மூன்றாவது வரிக்கு வந்த கூட்டம்தான் அதிகம். நம் ஆட்களுக்குக் கணினி பழுதாவதைவிடக் குடும்பம் பழுதாவதுதான் வாடிக்கை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் திரையில் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன.

“பதினெட்டாயிரம் தாண்டியிட்டுது,” என்றாள் கம்சாயினி. “அழிச்ச சாமான் எப்பிடி இவ்வளவும் பிழைச்சுக் கிடக்கு?”

“அழிச்சா உடனே போயிடாது. ‘வீடு காலி’ன்னு மெஷின் வெளிய ஒரு போர்டு மாட்டும், அவ்வளவுதான். புதுசா ஒருத்தன் குடி வர்ற வரைக்கும் பழைய ஆள் உள்ளதான் இருப்பான். போன வாரம் செவ்வாய்க்கிழமை அழிஞ்சிருக்கு. மறுநாள் சரஸ்வதி பூஜை. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, சந்தனம் குங்குமம் வெச்சு, சாமி முன்னாடி உட்கார வெச்சுட்டாங்க. வியாழக்கிழமை விஜயதசமிக்கு மறுபடி போடுற வரைக்கும் யாருமே தொடல. அதான் எல்லாம் தப்பிச்சுது.”

“அப்ப பலகையிலை சரஸ்வதியின்ர பேரையும் எழுதோணும். பங்குதாரர்.”

விஜயதசமி காலையில் நல்ல காரியமாக ஒரு நாதஸ்வர மல்லாரி போடலாம் என்று சற்குணம் கணினியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு பாட்டும் இல்லை. சுமை பெரிது என்பதால் பாட்டுகளை மெஷின் குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் நேரடியாக அழித்திருந்தது. கூடவே இருந்த பாட்டுப் பட்டியல் மட்டும் சின்னக் கோப்பு. அது தொட்டியில் கிடந்தது. அழிந்த நேரத்தோடு. அவருடைய மகன் நிமலன் கம்ப்யூட்டர் எஞ்சினியர். உடனே தொட்டியைத் திறந்து, அந்த நேரத்தைப் போனில் படம் பிடித்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். செவ்வாய், காலை 10:42.

அந்தப் படம் சோபனாவிடம் இருந்தது. அதற்குக் கீழே டொரன்டோ, லண்டன், கொழும்பு என்று மூன்று தேசத்திலிருந்தும் அழுகிற முகங்கள். ஒரு பெரியம்மா எழுதியிருந்தாள்: ‘பகல்லை வீட்டிலை நிக்கிறது அந்த இந்தியாக்காரி ஒருத்திதானே.’

“அந்த இந்தியாக்காரி ஆர்?”

“நிமலனோட பொண்டாட்டி. அஸ்வினி. திண்டுக்கல்.” சோபனாவின் குரல் தட்டையாக இருந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தட்டையாகும். “கம்சி, இங்க வா. அதே பட்டியலை இப்ப என் மெஷின்ல திறந்திருக்கேன். நேரத்தைப் படி.”

கம்சாயினி குனிந்தாள். “செவ்வாய். பின்னேரம் 6:12.”

“அவன் போட்ட படத்துல?”

“காலமை 10:42.” நிமிர்ந்தாள். “ஒரே தொட்டி, ஒரே குப்பை, ரெண்டு நேரமோ?”

சோபனா விரல் விட்டு எண்ணினாள். “நடுவுல ஏழரை மணி நேரம்.”

“ஏழரையோ? அப்ப கேஸ் முடிஞ்சுது. சனீஸ்வரன்தான் ஆள்.”

“கார் சாவியை எடு.”

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய மரவீடு. மணியடித்ததும் கதவைத் திறந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கையில் மாவு.

“மாமா நடக்கப் போயிருக்காங்க. அத்தை டொரன்டோல, அண்ணி பிரசவத்துக்கு,” என்றாள் அஸ்வினி. எதிரே நிற்பது தமிழ்நாட்டுக்காரி என்று தெரிந்ததும் தோள் கொஞ்சம் இறங்கியது. “பாட்டு கிடைச்சிருமாக்கா? உண்மையைச் சொல்லுங்க.”

“கிடைச்சிரும்.”

அஸ்வினி சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள். பாட்டுப் பிரியை ஒருத்திக்கு வருகிற நிம்மதி அல்ல இது என்று சோபனா குறித்துக்கொண்டாள்.

“உனக்கு என்னம்மா இதுல?”

“என் விசா இந்த முப்பத்தொண்ணாம் தேதி முடியுதுக்கா. ரெசிடன்ஸ் விண்ணப்பம் எல்லாம் நிரப்பி ரெடியா இருக்கு. துணைவர்னு நிமல் கையெழுத்து வைக்கணும். வைக்கத்தான் இருந்தார். அன்னிக்கு மாமா கோவத்துல, ‘இவளுக்கு இப்ப பேப்பர் ஒண்டுதான் குறை, வைக்காதை’ன்னுட்டாங்க. மாமா ஆறட்டும்னு நிமல் சொல்றார். பாட்டு வந்துட்டா ஆறிடுவாங்கல்ல?”

“நீதான் அழிச்சியா?”

“ஆமாக்கா.”



“எப்படி?” என்றாள் சோபனா.

“செவ்வாய்க்கிழமை பூஜைக்காக வீடு துடைச்சேன். பத்தரை மணி இருக்கும். கம்ப்யூட்டர் ஆன்ல இருந்துச்சு. கீபோர்டை ஈரத்துணியால துடைச்சேன். அப்போ ஏதோ பட்டனை அழுத்தியிருப்பேன். நிமல்தான் விளக்கிச் சொன்னார். ரெண்டு பட்டன் சேர்ந்து அழுந்தினாலே எல்லாம் போயிரும்னு.”

“உனக்கு என்ன படிப்பு?”

“எம்.எஸ்ஸி. பயோடெக். இங்கதான் முடிச்சேன். இப்ப மாசிங்கிற ஏரியால முதியோர் இல்லத்துல சாயங்கால ஷிஃப்ட். எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜ் போனது.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். “ஆனா கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவா வராதுக்கா.”

சோபனாவுக்கு அந்தத் தலைகுனிவு தெரிந்ததுதான். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிப் படிக்க வைத்த பெண் அவள். முதலாம் ஆண்டில் ஒரு நாள் கல்லூரி லேபில் சர்வர் படுத்துவிட்டது. பேராசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்து, கடைசி பெஞ்சில் வந்து நின்றார். ‘யாரும்மா தொட்டது?’ அவள் தொடவில்லை. ஆனாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். வீட்டில் முதலாவதாகப் படிக்க வருகிற பெண்ணுக்கு அந்த இடம் தன்னுடையது என்ற நம்பிக்கை வர எத்தனையோ வருடம் ஆகும். அதுவரை எது உடைந்தாலும் தான்தான் உடைத்தோம் என்று அவளே முதலில் நம்புவாள். அவளைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

“மெஷினைக் காட்டு,” என்றாள்.

கூடத்து மூலையில் கணினி. கீபோர்டின் நான்கு ஓரத்திலும் காய்ந்த சந்தனப் பொட்டு. சோபனா திரையின் அடியில், வலது மூலையைப் பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தில் காலை பதினொன்று. திரையில் அதிகாலை மூன்றரை.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். சற்குணம் வந்துவிட்டார்.

“ஐயா, இந்தக் கடிகாரம் தப்பா ஓடுதே?”

“பிழையில்லைப் பிள்ளை, அது ஊர் நேரம். தம்பி யாழ்ப்பாணத்திலை. இஞ்சத்தை நேரத்தைப் பாத்து அவனுக்குப் போன் எடுத்து, ரெண்டு மூண்டு தரம் சாமத்திலை எழுப்பிப் போட்டன். வருத்தக்காரன், மருந்தெடுக்கிறவன், பாவம். பிறகு இதிலை ஊர் நேரத்தை வைச்சாச்சு. இஞ்சத்தை நேரத்துக்குத்தான் சுவரிலை மணிக்கூடு இருக்கே.”

“நீங்களே மாத்தினீங்களா?”

“எனக்கெங்கை உது தெரியும்? நிமலன்தான் மாத்தித் தந்தவன்.” சொல்லி முடித்ததும் அவர் கண் ஒரு கணம் மருமகள் பக்கம் போய், திரும்பிச் சுவருக்கு வந்தது. “பாட்டு எத்தனை வந்திட்டுது?”

பேச்சு நடக்கும்போதே கம்சாயினி மெஷின் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் பூனை பால் குடித்த களை.

கார் கதவைச் சாத்தியதும் சோபனா ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள். ஹார்ன் அலறியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

“துணியால துடைச்சா பத்தொன்பதாயிரம் பாட்டு அழிஞ்சிருமாம்! அப்படின்னா உலகத்துல இருக்கிற ஆபீஸ் எல்லாம் தினமும் சாயங்காலம் இழுத்து மூடணும்!”

“ஆறும். நாய் பயப்பிடுது. கணக்கைச் சொல்லும்.”

“ஒரே நேரத்தை ஒவ்வொரு மெஷினும் அதோட கடிகாரத்துப்படிதான் காட்டும். பத்து நாற்பத்திரண்டு ஊர் நேரம். ஆக்லாந்து நேரம் சாயங்காலம் ஆறு பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமை ஆறு பன்னிரண்டுக்கு அஸ்வினி எங்க? மாசியில, முதியோர் இல்லத்துல. மூணு மணி ஷிஃப்ட், முடிய ராத்திரி பதினொண்ணு. சற்குணம்?”

“செவ்வாய் பின்னேரம் ரேடியோ ஸ்டேசன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு. அஞ்சுக்குப் போனால் எட்டுக்குத்தான் வருவார். எங்கட அம்மாவும் அந்த நிகழ்ச்சி கேக்கிறவ, எனக்குத் தெரியும்.”

“நிமலன்?”

“டவுனிலையிருந்து அஞ்சு மணி ரயில். அஞ்சே முக்காலுக்கெல்லாம் வீட்டிலை.” கம்சாயினி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். “இதையும் பாரும். அந்த மெஷினிலை செவ்வாய்க்கிழமை வெளியிலையிருந்து ஒரு டிரைவ் செருகியிருக்கு. ஊர் நேரம் பத்து இருவது. எங்கட நேரம் ஆறுக்குப் பத்து. டிரைவுக்கு வைச்ச பேர் ‘அப்பா70’.”

சோபனா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று மெதுவாக இடத்தில் வந்து உட்கார்ந்தது.

“ஊர் நேரத்தை அந்த மெஷின்ல வெச்சதே அவன்தான், கம்சி. படத்தைக் குழுவுல போடும்போதே அவனுக்குத் தெரியும், அது காலை இல்லைன்னு. தெரிஞ்சே போட்டிருக்கான்.”

“இப்ப அஸ்வினிக்குச் சொல்லுவமோ?”

“வேண்டாம். சொன்னா அவ முகத்துல தெரிஞ்சிரும். அவன் கையெழுத்து வைக்க மாட்டான். அப்புறம் முப்பத்தொண்ணாம் தேதி யாரு பதில் சொல்றது?”

“பொஸ்,” என்றாள் கம்சாயினி, “நீர் நல்ல மனிசி எண்டு நினைச்சுக் கொண்டிருந்தன். இப்பதான் மரியாதை வந்திருக்கு.”

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. கூடத்துச் சோபாவில் சற்குணம், புது வேட்டி சால்வையில். பக்கத்தில் நிமலன், முப்பது வயது, வழுவழுவென்று ஷேவ் செய்த முகம், அடிக்கடி போனைப் பார்க்கிற கண். அஸ்வினி ஷிஃப்டுக்குப் போகிற சீருடையோடு சமையலறை நிலைப்படியில் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சோபனா டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. ஒரு பன்னிரண்டு பாட்டு மட்டும் போயிடுச்சுங்கய்யா.”

சற்குணம் சோபாவின் நுனிக்கு வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். சோபனா டிஸ்க்கைக் கொடுக்கவில்லை.

“எங்க ஆபீஸ் வழக்கம் ஒண்ணு இருக்கு. சாமான் கொடுக்கிற நேரத்துல வீட்டுல மனஸ்தாபம் இருக்கக் கூடாது. அஸ்வினியோட பேப்பர் ஏதோ பாக்கி நிக்குதாமே?”

“ஓம், போன மாசம்தான் இந்த வழக்கம் வந்தது,” என்றாள் கம்சாயினி. “ஒரு வீட்டிலை டிஸ்க்கைத் தூக்கி எறிஞ்சு போட்டினம். எங்கட மண்டையிலை பட்டிருந்தால்?”

சற்குணம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மருமகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கோயிலில் ஐயர் விபூதி கொடுப்பதுபோல. “பிள்ளை, நான் உன்னை மன்னிச்சிட்டன். நடந்தது நடந்து போச்சு. நிமலன், வை தம்பி கையெழுத்தை.”

நிமலன் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து வந்து, ‘இந்த உறவு உண்மையானது, நிலையானது’ என்று அறிவிக்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினான். சாட்சிக்கு நிற்பவள்போல எட்டிப் பார்த்த கம்சாயினி, காகிதத்தை எடுத்து அஸ்வினி கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“தேங்க்ஸ் மாமா,” என்றாள் அஸ்வினி. அழுதாள்.

டிஸ்க்கை சோபனா சற்குணத்தின் கையில் வைத்தாள். பிறகு சாவகாசமாக நிமலன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அப்பா70 எங்க இருக்கு?”

நிமலன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். “What?”

“செவ்வாய்க்கிழமை ஆறுக்குப் பத்துக்கு நீங்க செருகின டிரைவ். அப்பாவோட எழுபதுக்கு எல்லாப் பாட்டையும் புது டிரைவ்ல போட்டு மேடையில கொடுக்கலாம்னு நினைச்சிருக்கீங்க. நல்ல எண்ணம். இழுத்துப் போட்டீங்க, ஒரு நொடியில முடிஞ்சுது. பழைய டிஸ்க் நிரம்பி வழியுதேன்னு அங்க இருந்ததை அழிச்சீங்க. ஆறு பன்னிரண்டு.”

“காலமை பத்து நாப்பத்திரண்டெல்லோ?” என்றது நிமலனின் வாய், பழக்கத்தில்.

“ஊர்ல,” என்றாள் சோபனா.

மூலையில் இருந்த கணினியைக் கைகாட்டினாள்.

“நீங்க இழுத்துப் போட்டது பாட்டை இல்ல. முகப்புல இருந்த சின்னப் படத்தை. உள்ளே எதுவும் கிடையாது, பாட்டு இருக்கிற இடத்தைக் காட்டுற அம்புக்குறி மட்டும்தான். எங்க தெருவுல ஆறாங்கிளாஸ் பசங்க பண்ற தப்பு. கம்ப்யூட்டர் எஞ்சினியர் பண்ணினா வெளிய சொல்ல முடியுமா? அதனால துடைச்சவ தலையில போட்டீங்க.”

“வீட்டுக்கு வாற வழியை எழுதி வைச்சுப் போட்டு, வீட்டை இடிச்ச மாதிரி,” என்றாள் கம்சாயினி. சொன்னாளே தவிர அவள் சிரிக்கவில்லை.

“I was going to tell her,” என்றான் நிமலன். “அப்பாவின்ர விழா முடியட்டுமெண்டுதான்... அவளுக்கு ஒண்டும் நடக்காதெண்டு எனக்குத் தெரியும். ஒரு கிழமைதானே.”

அஸ்வினி நிலைப்படியை விட்டு நகர்ந்து வந்தாள். அவள் நிமலனைப் பார்க்கவில்லை. சற்குணத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை போன திசையில் சோபனாவும் பார்த்தாள், அப்போதுதான் தன்னுடைய கணக்கில் ஒரு துளை இருப்பது தெரிந்தது. இவ்வளவு பேச்சுக்கும் அந்தக் கிழவர் அதிரவே இல்லை. மகன் பொய் சொன்னான் என்று கேட்ட தகப்பனின் முகம் அல்ல அது. வாத்தியார் விடைத்தாளை எல்லார் முன்னாலும் வாசிக்கிறபோது பையன் வைத்துக்கொள்கிற முகம்.

“ஐயா,” என்றாள் மெதுவாக. “தினமும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தம்பிக்குப் போன் போடுறவர் நீங்க. பத்து நாற்பத்திரண்டு எந்த ஊர் நேரம்னு உங்களுக்குத் தெரியாதா?”

சற்குணம் டிஸ்க்கைத் தடவினார்.

“போன கிழமை வெள்ளிக்கிழமையே, தம்பிக்குப் போன் எடுக்கேக்கை விளங்கீட்டுது,” என்றார்.

“அப்பா!” என்றான் நிமலன்.

“நீ சும்மா இரு. வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை இந்தப் பிள்ளையை ஏசிப் போட்டன். குழுவிலை படமும் போயிட்டுது. கையெழுத்து வைக்காதை எண்டும் சொல்லிப் போட்டன். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிறதெண்டால் ஏனெண்டு சொல்லோணும். சொன்னால் என்ர மகன்... சங்கத்திலை எல்லாருக்கும் இவன் எஞ்சினியர் எண்டு...” வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். “பாட்டு வந்திட்டால் எல்லாம் தன்பாட்டிலை சரி வந்திடும் எண்டு நினைச்சன். அதுதான் பிள்ளை, ஆரெண்டு பாக்க வேண்டாமெண்டு சொன்னனான்.”

“எட்டு நாள்,” என்றாள் அஸ்வினி. “எட்டு நாளா இந்த வீட்ல நான் எந்தப் பொருளையும் தொடப் பயந்துட்டு இருக்கேன் மாமா. வேலைக்குப் போனா அங்க பாட்டிங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூட மூணு தடவை எண்ணிப் பார்க்கிறேன். துணி பட்டு எல்லாம் அழிஞ்சிரும்னு நம்பினேன். அவர் சொன்னார்னு நம்பினேன். நீங்க பார்த்துட்டே இருந்தீங்களா?”

அவர் சால்வையைச் சரிசெய்தார்.

“குழுவுல போடுங்க. நான் அழிக்கலைன்னு ஒரு வரி. அதே பெரியம்மா படிக்கணும்.”

“இண்டைக்கு விழா, பிள்ளை. எல்லாரும் வாழ்த்துப் போட்டுக்கொண்டு இருக்கினம். நாளைக்கு ஆறுதலாய்ப் பாப்பம்.”

சோபனா எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் அகப்படுவதைப் பார்த்திருக்கிறாள். சிலர் அழுவார்கள், சிலர் அடிக்க வருவார்கள். தலைமுழுக்க நனைந்த பிறகும் மழையே இல்லை என்று உட்கார்ந்திருக்கிற இந்த மரியாதைக்காரர்கள்தான் அவளுக்குச் சகிக்காது. வாயைத் திறந்தாள். கம்சாயினி அவள் காலை மிதித்தாள்.

“அஸ்வி,” நிமலன் எழுந்து வந்தான். “Sorry. உண்மையாச் சொல்லுறன். அதுதான் கையெழுத்து வைச்சிட்டனே. இனி ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”

அஸ்வினி கையில் இருந்த விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். யாரும் எதிர்பார்க்காத நிதானத்தோடு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“நீ வெச்சிட்டே, நிமல். அதுக்குக் கீழே எனக்கும் ஒரு கோடு போட்டிருக்காங்க. உறவு உண்மையானதுன்னு நானும் சொல்லணுமாம்.”

காகிதத்தைக் கணினி மேசையில் வைத்தாள். பேனாவை அதன்மேல் வைத்தாள். உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பையையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பாஸ்போர்ட் இருக்கிற சின்னத் துணிப்பை ஒன்றும் அவள் தோளில் இருந்தது.

“அஸ்வி, முப்பத்தொண்டாம் தேதி...”

“எனக்குத் தேதி தெரியும்.”

அவள் வெளியே போனாள். சோபனாவும் கம்சாயினியும் பின்னால் வந்தபோது தெருமுனை நோக்கிப் பாதி தூரம் நடந்திருந்தாள். வேகமாக, பஸ் பிடிக்கிறவளின் நடை. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினாள் சோபனா. அஸ்வினி ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

வண்டி நான்கு சிக்னலைத் தாண்டியது. சோபனா பெற்றுக் கொடுத்த கையெழுத்து மேசைமேல் கிடக்கிறது. தந்திரம் செய்து வாங்கிக் கொடுத்ததாகத் தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்ட அந்தக் கையெழுத்து. இவள் மூன்று நாள் முன்பே உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கலாம். தெரியாமல் வைத்திருந்த கூட்டத்தில் தானும் ஒருத்தி என்பது சோபனாவுக்குத் தெரிந்தது.

“புதன்கிழமையே எனக்குத் தெரியும், அஸ்வினி. உன்கிட்ட சொல்லல.”

“புரிஞ்சுதுக்கா. பேப்பரை எடுத்து இவங்க என் கையில கொடுத்தப்பவே புரிஞ்சுது.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “நீங்களும் எனக்கு நல்லதுன்னுதான் சொல்லாம இருந்தீங்க. எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க.”

சோபனா அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்தாள்.

“அவர் கையெழுத்து இல்லாம இங்க இருக்க வேற வழி இருக்காக்கா?”

“இருக்கு,” என்றாள் சோபனா. “வேலை வழியா போகலாம். கஷ்டம். நிச்சயம் கிடையாது.”

“எவ்வளவு கஷ்டம்?”

கம்சாயினி முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். “உம்மட மாமா வீட்டிலை மன்னிப்பு வாங்கிக்கொண்டு இருக்கிறதை விடக் கொஞ்சம் லேசு.”

அஸ்வினி மூக்கைச் சீருடைக் கையால் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை.

“மாசிக்கு விடுங்கக்கா,” என்றாள். “மூணு மணிக்கு ஷிஃப்ட். இனிமே நான் ஒரு நாள்கூட லீவ் போட முடியாது.”